மூன்று நாள் போதும்

அச்சுவேலியில் நான் இருபத்து மூன்று வருடம் வேலை செய்த பழத் தொழிற்சாலை ஒரு சிறப்பு மலர் வெளியிடப் போகிறதாம். இப்போது அங்கே மலர் வேலையைப் பார்க்கும் பெண்பிள்ளை தொலைபேசியில் மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"சேர், ரெண்டு பக்கம் காணும். இனிமையான நினைவுகளாய் இருந்தால் நல்லம். மூண்டு வட்ட முறையை இஞ்சை கொண்டுவந்தது நீங்கள்தானே? அதைப் பற்றியும் ஒரு பந்தி எழுதுங்கோ."

இனிமையான நினைவுகளை அரை மணித்தியாலத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். சரஸ்வதி பூசை, சுற்றுலா போன வான் நடுவழியில் நின்றது, முதல் ஏற்றுமதிக்கு எல்லாரும் கூடி நின்று எடுத்த படம். இருபத்து மூன்று வருடத்து இனிமை அரை மணித்தியாலத்துக்குத்தான் காணும் என்பது எனக்கே புதிய செய்தி. வட்டங்களைப் பற்றிக் கேட்ட அந்தப் பந்திதான் எழுத வரவில்லை. எழுதினாலும் மலரில் வராது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கூட்டுறவுச் சங்கமொன்றில் இலிகிதராகத் தொடங்கினேன். தபால்மூலம் தொழிற்சட்டம் படித்தேன். சான்றிதழ் கிடைத்த கையோடு தொழிற்சாலையில் ஆளணி உத்தியோகத்தரானேன். ஆட்களை எடுப்பது, வரவு பார்ப்பது, விடுமுறை கொடுப்பது, சண்டை விலக்குவது என் வேலை. இடையில் நிறைய நாவல் வாசித்தேன். எங்கோ பனி கொட்டும் ஊர்களில் உழைத்துச் செத்த தொழிலாளிகளுக்காகப் பக்கம் பக்கமாகக் கண்ணீர் விட்டிருக்கிறேன். புத்தூரிலிருந்து வெயிலில் சைக்கிள் உழக்கி வருகிறவர்களுக்கு அந்தக் கண்ணீரில் மிச்சம் எதுவும் இருக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

நாங்கள் மாம்பழக் கூழும் முருங்கையிலைத் தூளும் செய்தோம். மாம்பழக் காலத்தில் எத்தனை கை இருந்தாலும் போதாது. காலம் முடிந்ததும் கைகள் கூடிவிடும். நூற்றுச் சொச்சம் பேரும் வருடம் முழுக்க வந்துபோனார்கள். பழமில்லாத மாதங்களில் யன்னல் துடைத்தார்கள், முற்றம் கூட்டினார்கள், கூட்டிய முற்றத்தைத் திரும்பவும் கூட்டினார்கள். பழைய முகாமையாளர் அதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கொழும்புத் தலைமைக் கந்தோருக்குத் தெரிந்தது. அவரை அனுப்பிவிட்டு அருள்நேசனை அனுப்பினார்கள்.

அருள்நேசன் எங்கள் பக்கத்து ஆள்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், குரலை உயர்த்தத் தெரியாதவர். இருபத்து மூன்று வருடத்தில் நான் கண்ட மேலதிகாரிகளில் இவருக்குத்தான் பயந்தேன். ஏனென்றால் இவர் ஒரு கட்டளையும் போடமாட்டார். கேட்பார். "நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு, பேனையின் மூடியைக் கழற்றிக் காத்திருப்பார். நாங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லுவோம். அவர் கறுப்பு அட்டை போட்ட ஒரு குறிப்புப் புத்தகத்தில் திகதி போட்டு, சொன்னதை எழுதி, பக்கத்தில் சொன்னவரின் பதவியையும் எழுதுவார். "நல்ல யோசினை" என்பார். பேனையை மூடுவார். அதற்குப் பிறகு அது எங்கள் யோசனை. தொழிற்சாலையில் அவர் எடுத்த முடிவு என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் நாங்கள் எடுத்தவை.

மூன்று வட்டமும் அப்படித்தான் வந்தது. கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து வெண்பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் கீறிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு நண்டு இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டார். உள்வட்டத்தில் நிரந்தர ஊழியர். நடுவட்டத்தில் ஒப்பந்தகாரரின் ஆட்கள்: காவல், துப்புரவு, லொறி. வெளிவட்டத்தில் தேவைப்படும் நாளில் மட்டும் கூப்பிடப்படுகிறவர்கள். வந்த நாளுக்குத்தான் சம்பளம். இவர்களுக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயரை நான் "நெகிழ்வுப் பணியாளர்" என்று தமிழாக்கினேன். அருள்நேசன் மிகவும் பாராட்டினார். நானும் இரண்டு நாள் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

பெயர்களை வட்டங்களுக்குள் போடும் வேலைக்கு நானும் அவரும் ஒரு கிழமை இருந்தோம். என் வரைவில் உள்வட்டத்தின் முதல் பெயர் யோகராணி. பழம் தெரிந்தெடுக்கும் மேசையில் எட்டு வருடமாக நின்றவர். ஒரு மாம்பழத்தைக் கையில் எடுத்ததும் இது இன்றைக்கு, இது நாளைக்கு, இது மாட்டுக்கு என்று மூன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே பக்கத்திலுள்ளவரோடு கதைத்துக்கொண்டிருப்பார். ஆட்களை மூன்றாகப் பிரிக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது. அவருடைய கை பிழை விட்டதாக ஞாபகமில்லை.

"இவ எவ்விடம்?" என்றார் அருள்நேசன்.

"புத்தூர்."

"சைக்கிளிலை வர எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிசம் வரும், சேர்."

"நல்ல வேலைக்காரி எண்டு சொல்லுறியள். கூப்பிட்டால் இருபது நிமிசத்திலை வந்து நிக்கக்கூடிய ஆள். இப்பிடியொரு ஆளை உள்ளுக்கை வைச்சு வீணாக்கலாமோ? நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

பேனையின் மூடி கழன்றிருந்தது. "வெளியிலை போடலாம்" என்றேன். கரவெட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, கிழமையில் மூன்று நாள் பிந்தி வரும் ஒருவர், அவசரத்துக்குக் கூப்பிட முடியாதவர் என்ற தகுதியால் உள்வட்டத்துக்குள் போனார்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் புதிய கடிதத்தில் கையெழுத்து வாங்கினேன். யோகராணி வாசித்துப் பார்க்கவில்லை.

"சேர், கூப்பிடாட்டில்?"

"உங்களைக் கூப்பிடாமல் வேறை ஆரைக் கூப்பிடுறது?"

சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். புருசன் மேசன் வேலை, நெஞ்சுவருத்தக்காரர், மாதத்தில் பாதி நாள் வீட்டில். அது எனக்குத் தெரியும். அந்த வீட்டின் உலை இந்த வேலையில்தான் கொதித்தது என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பேனையை நீட்டினேன்.

கூப்பிடும் விதிகளை எழுதியதும் நான்தான். பின்னேரம் நான்கு மணிக்கு அடுத்த நாள் வரும் பழத்தின் அளவு தெரியும். எத்தனை பேர் தேவை என்று கணக்கிட்டு, தர்ஷினி என்ற பிள்ளை பட்டியலில் மேலிருந்து கீழே அழைப்பு எடுப்பா. "வாறன்" என்றால் பச்சைக் குறி. வராவிட்டால் சிவப்பு. தொடர்ந்து மூன்று சிவப்பு என்றால் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும். ஏழு நாளுக்குள் பதிவுத் தபாலில் கடிதம் போகும். ஏற்கத்தக்க காரணங்கள் என்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது. வைத்தியசாலையில் இருந்தால் துண்டு கொண்டுவர வேண்டும். அடுத்த காரணம், குடும்பத்தில் மரணம்.

"எத்தினை நாள் போடுவம்?" என்றார் அருள்நேசன். "எங்கடை பக்கம் அடக்கம் முடிஞ்சால் அடுத்த கிழமை வேலைக்குப் போயிடுவினம். உங்கடை சைவப் பக்கம் எனக்கு வடிவாய்த் தெரியாது. பிழையாய்ப் போட்டிடக்கூடாது. நீங்கள் சொல்லுங்கோ."

நேர்மையான கேள்வி. இதற்கு யாழ்ப்பாணத்தில் ஆரையும் வழியில் மறித்துக் கேட்டாலும் விடை வரும். செத்தவீட்டுத் துடக்கு என்கிற தீட்டு முப்பத்தொரு நாள். எட்டாம் நாள் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்ற கடைசிக் கிரியை. அதுவரை நெருங்கிய உரித்துக்காரர், அதுவும் புருசனை இழந்த பெண், படலை தாண்டி வேலைக்குப் போவதில்லை. போனால் ஊர் என்ன சொல்லும் என்பதற்கு முன்னால், அவருக்கே மனம் வராது.

நான் அப்போது எப்படிப்பட்ட மனிதனாகத் தோன்ற விரும்பினேன் என்பதை இப்போது நினைத்தால் காது சுடுகிறது. முற்போக்கான மனிதன். வாசித்த மனிதன். சடங்கு சம்பிரதாயங்களைத் தாண்டிய மனிதன். கொழும்புக்காரர்களின் கோப்பில் முப்பத்தொன்று என்று எழுதி எங்கள் சனத்தைப் பட்டிக்காடாகக் காட்டக்கூடாது என்ற அக்கறையும் சேர்ந்துகொண்டது.

"மூண்டு நாள் போதும், சேர்" என்றேன்.

"உண்மையாவோ?"

"இப்ப ஆர் இதுகளைப் பாக்கினம்?"

அவர் திகதி போட்டு எழுதினார். "நல்ல யோசினை."

அடுத்த வருடம் மாம்பழம் இறங்கத் தொடங்கிய கிழமை யோகராணியின் புருசன் சிவபாலன் இறந்துபோனார். காலமை சுவர் பூசிக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை.

தெரிவு மேசைக்காரர் கூடிக் கண்ணீர் அஞ்சலிப் பிரசுரம் அடிக்க ஆயத்தமானார்கள். எங்கள் ஊர்களில் அது இல்லாமல் ஒரு செத்தவீடு நிறைவடையாது. ஒழுங்கை முகப்பிலும் மதிலிலும் ஒட்டியிருக்கும் துண்டுகளின் எண்ணிக்கையில்தான் இறந்தவர் யாரென்பது தெரியும். அடியில் "துயருறும் ஊழியர்கள்" என்று தொழிற்சாலையின் பெயரையும் போட்டிருந்தார்கள். அச்சுக்குப் போக முன் அருள்நேசன் என்னைக் கூப்பிட்டார்.

"கொம்பனியின்ரை பேர் போட்டால், அவ எங்கடை ஊழியர் எண்டு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரிப் போயிடும். நாளைக்கு லேபர் கந்தோரிலை ஆரும் கொண்டுபோய்க் காட்டினால்? நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

நான் பெயரை வெட்டிவிட்டு "அச்சுவேலி நண்பர்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். செத்தவீட்டில் அந்தத் துண்டை வாசித்த ஒரு கிழவர், "உவை ஆர் அச்சுவேலி நண்பர்கள்? சிவபாலனுக்கு அச்சுவேலியிலை ஒருத்தரையும் தெரியாதே" என்று என்னிடமே கேட்டார். நான் வெற்றிலைத் தட்டைத் தேடிக்கொண்டு போனேன்.

நான்காம் நாள் பின்னேரம் தர்ஷினி வந்து நின்றா.

"சேர், யோகாக்காக்கு அடிச்சனான். தங்கச்சிக்காரிதான் எடுத்தவ. அந்தியேட்டி முடியாமல் அக்கா வெளிக்கிடமாட்டாவாம். நான் என்னெண்டு போட?"

"மூண்டு நாள் முடிஞ்சுதெல்லே?"

"முடிஞ்சுது."

"அப்ப சிவப்பைப் போடுங்கோ."

பிள்ளை போகவில்லை. "சேர், நீங்கள் சைவம்தானே?"

"ஏன்?"

"சும்மா கேட்டனான்" என்றுவிட்டுப் போய்ச் சிவப்பைப் போட்டா. ஐந்தாம் நாள் இன்னொன்று. ஆறாம் நாள் பழம் குவிந்து கிடந்தது, எல்லாரையும் கூப்பிட வேண்டியிருந்தது. மூன்றாவது சிவப்பு.

அன்றைக்கே அருள்நேசனிடம் போனேன். போனேன் என்பதைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். இந்தக் கதையில் நான் செய்த ஒரேயொரு நல்ல காரியம் அதுதான், அதுவும் பாதிவழியில் நின்றுவிட்டது.

"சேர், எங்கடை சனத்துக்கு மூண்டு நாள் காணாது. முப்பத்தொரு நாள் வேணும்."

அவர் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார். கோபமே இல்லை. பக்கத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். மூன்று நாள் போதும், ஆளணி உத்தியோகத்தர்.

"நான் ரெண்டு தரம் கேட்டனான் எண்டு ஞாபகம்."

"ஓம் சேர். நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன்."

"அதிலை ஒண்டுமில்லை. மனிசர் பிழை விடுறதுதானே. நீங்கள் ஒரு கடிதம் தாங்கோ. இந்த விதியைப் பிழையான தகவலிலை எழுதினது நான்தான் எண்டு. நான் கொழும்புக்கு அனுப்பி மாத்திவிக்கிறன். அவவின்ரை மூண்டு சிவப்பும் தன்பாட்டிலை அழிஞ்சிடும்."

அவர் ஏமாற்றவில்லை. கடிதம் கொடுத்திருந்தால் அனுப்பியிருப்பார், விதியும் மாறியிருக்கும். ஆனால் அதே மாதம் கொழும்பில் கந்தோர்ப் பதவிகளையும் வட்டங்களுக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளணி வேலையை வெளியாருக்கு ஒப்பந்தத்தில் கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி மேசையில் இருந்தது. உள்ளூர் வழமை தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் தேவை என்பதுதான் என்னை உள்ளே வைத்திருப்பதற்கு அருள்நேசன் எழுதிய ஒரே நியாயம். அந்த உத்தியோகத்தர், தன் ஊர்ச் செத்தவீட்டுக்கு எத்தனை நாள் என்று தனக்குத் தெரியாது என எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு நாள் வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வேறொரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். தொடர்ந்து மூன்று அழைப்புகளுக்குச் சமுகமளிக்காத காரணத்தால் தங்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுள்ளது. தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். கடைசி வரி எல்லாக் கடிதத்திலும் இருப்பது. அதையாவது வெட்டியிருக்கலாம். வெட்டத் தோன்றவில்லை. எட்டுச் செலவு முடிந்து நாலைந்து நாளில், சொந்தக்காரர் இன்னும் பாயில் இருந்த வீட்டுக்குத் தபால்காரர் அதைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்.

முப்பத்திரண்டாம் நாள் காலமை ஆறரைக்கு வாசலிலிருந்து காவலாளி கூப்பிட்டார். "சேர், ஒரு அம்மா வந்து நிக்கிறா. பட்டியலிலை பேரில்லை. போகவும் மாட்டன் எண்டுறா."

யோகராணி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றி வெறுமையாக இருந்தது. வேலைக்குப் போடும் ஏப்ரன் மடித்துக் கூடைக்குள் இருந்தது. அதற்கு மேல் என் கடிதம்.

"நேற்றுக் கீரிமலையிலை அந்தியேட்டி எல்லாம் முடிஞ்சுது சேர். இண்டைக்கு வந்திட்டன்."

"கடிதம் கிடைச்சதுதானே, யோகராணி?"

"கிடைச்சது. என்ரை எதிர்காலம் சிறக்க வாழ்த்தியிருக்கிறியள்."

"அது வழமையாய் எழுதுறது..."

"உதைச் சொல்லேல்லை சேர். மூண்டு நாள் எண்டு தர்ஷினி சொன்னவ. மூண்டு நாளிலை எங்கடை வீட்டிலை சாம்பல்கூட அள்ளி முடியேல்லை. இது என்ன கணக்கு?"

காவலாளி கேட்டுக்கொண்டு நின்றார். வேலைக்கு வந்த பெண்கள் உள்ளே போகாமல் வாசலில் மெல்ல நடந்தார்கள். நான் வாயைத் திறக்க முன் அவரே தொடர்ந்தார்.

"உங்கடை அம்மா மோசம்போனவேளை நாங்கள் எல்லாரும் வந்தனாங்கள். அந்தியேட்டிக்கும் வான் பிடிச்சு வந்தனாங்கள். நீங்கள் முப்பத்திரண்டாம் நாள் மொட்டையோடை வேலைக்கு வந்தனீங்கள், நாங்கள் மேசையிலை வேலையை நிப்பாட்டிப்போட்டுப் பாத்தனாங்கள். பெரிய படிப்புப் படிச்ச மனிசன், தாய்க்குச் செய்யவேண்டியதை ஒண்டும் விடாமல் செய்திருக்கு எண்டு."

இந்தக் கட்டுரையை இதைச் சொல்லாமலே முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். என் தாய் இறந்தது வட்டங்களுக்கு மூன்று வருடம் முன்பு. தேத்தண்ணி குடிக்கும் பழைய முகாமையாளர் காலம். நான் முப்பத்தொரு நாளும் முழுச் சம்பளத்தோடு வீட்டில் இருந்தேன். ஒருவரும் துண்டு கேட்கவில்லை. அந்த முப்பத்தொரு நாளையும் வைத்துக்கொண்டுதான் அருள்நேசனுக்கு மூன்று நாள் போதும் என்று சொன்னேன்.

"சேர், ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ" என்றார் யோகராணி. "மூண்டு நாள் எண்டு எழுதினது ஆர்?"

"கொழும்பிலை" என்றேன்.

வாயிலிருந்து அது வந்த வேகம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவருடைய முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே விட்டுப்போயிற்று.

"அதுதானே பாத்தன். எங்கடை சனம் உப்பிடி எழுதியிராது." பிறகு, நான் தலை குனிந்து நின்றதைப் பார்த்து என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்கள் என்ன செய்யிறது சேர்? மேலையிருந்து சொன்னால் கையெழுத்து வைக்கத்தானே வேணும். மனசிலை வையாதேங்கோ."

புதிதாக விண்ணப்பம் தந்தால் பட்டியலின் கடைசியில் போடலாம் என்றேன். வேண்டாம் என்றார். ஏப்ரனை எடுத்துக் காவலாளியிடம் கொடுத்தார். அது கொம்பனியின் சாமான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

நான் உள்வட்டத்தில் தப்பினேன். நான்கு வருடத்துக்கு. பிறகு ஆளணி வேலையின் பாதியைக் கொழும்புக்கும் பாதியை ஒரு கணினிக்கும் கொடுத்துவிட்டு, ஐம்பத்தைந்தில் எனக்கு ஒரு பிரியாவிடையும் ஒரு சுவர்க்கடிகாரமும் தந்தார்கள். அருள்நேசன் என்னைப் பற்றி ஐந்து நிமிடம் நன்றாகப் பேசினார். ஒன்றுகூடப் பொய்யில்லை.

யோகராணி இப்போது புத்தூரில் ஆட்களின் வெங்காயத் தோட்டங்களில் நாள்வேலைக்குப் போகிறார். முதுகு கொஞ்சம் வளைந்துவிட்டது. சில நாட்களில் அச்சுவேலிச் சந்தையில் கண்டால் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று கதைப்பார். போன மாதமும் கண்டேன்.

"என்ன சேர், நல்லாய் மெலிஞ்சுபோனியள். கொழும்பார் கடைசியிலை உங்களையும் அனுப்பிப்போட்டாங்கள் என்ன?"

"ஓம்" என்றேன்.

"பாவம் நீங்கள்" என்றார் யோகராணி. கூடையிலிருந்து ஒரு பிடி வெங்காயத்தை அள்ளி என் பையில் போட்டார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.